ஐஸ்லாந்துக்குக் கிளம்பும் கோமதிக்கு

கோவை
ஜூன் 8

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் போடாததற்குத் திட்டாதே, வீட்டில் வெள்ளையடிப்பு நடந்தது. பேத்திக்குக் காது குத்தியாயிற்று, அண்ணனுக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே புதிதாக ஒன்றுமில்லை. மூட்டு வலி வரும், போகும். மாடியில் வைத்த பீர்க்கங்கொடிதான் இந்த வருடம் என் மானத்தைக் காப்பாற்றியது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்ட் கடைசியில் நீயும் அண்ணனும் மகளோடு ஐஸ்லாந்து போகிறீர்கள், ஏஜென்ட் ஒரு வாரத்தில் தீவை முழுக்கச் சுற்றிக் காட்டும் பேக்கேஜ் அனுப்பியிருக்கிறார், எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். எடுக்காதே. தீவைச் சுற்றி வரும் அந்தச் சாலையே 1,300 கிலோமீட்டருக்கு மேல். ஒரு வாரத்தில் முடிக்க வேண்டுமென்றால் அருவிக்கு இருபது நிமிடம், கழிப்பறைக்குப் பத்து நிமிடம், மறுபடி பஸ் என்றுதான் ஓடும். ஊரைப் பஸ் கண்ணாடி வழியாகப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

போன வருடம் மகனும் மருமகளும் என்னைக் கூட்டிப் போனபோது நாங்கள் பிடித்த வழி வேறு. நாமே போய் வரக்கூடிய இடங்களுக்கு யாருக்கும் காசு கொடுக்கவில்லை. மிச்சமான காசை, கைடு இல்லாமல் கால் வைக்கவே கூடாத இடங்களில் செலவு செய்தோம். அங்கே எல்லாமே யானை விலை, அதனால் இந்தக் கணக்கு முக்கியம்.

தென்கரை அருவிகள், வெந்நீர் ஊற்று, திங்வெட்லிர் தேசியப் பூங்கா, இவற்றுக்கெல்லாம் ஒரு கார் போதும். ஸ்ட்ரொக்குர் ஊற்று ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவே பீறிடும், பக்கத்தில் நின்று விளக்கிச் சொல்ல ஆள் வேண்டாம். ஊருக்கு ஊர் வெந்நீர்க் குளமும் உண்டு. அதற்கு மட்டும் உன் மனதைத் தயார் செய்துகொள்: குளத்தில் இறங்கும் முன் பெண்கள் குளியலறையில் எல்லார் முன்னாலும் துணியில்லாமல் சோப்புப் போட்டுக் குளித்தாக வேண்டும். அது சட்டம் மாதிரி. யாரும் யாரையும் பார்ப்பதில்லை. நான் இரண்டு நிமிடம் தவித்தேன், அப்புறம் பழகிவிட்டது. ஹாஸ்டல் பின்கட்டில் ஒரு குழாய்க்கு எட்டுப் பேர் நின்ற நமக்கு இதெல்லாம் எம்மாத்திரம்!

பனியாறு வேறு விஷயம். சோல்ஹெய்மாயோகுல் என்று ஒன்று, தலைநகர் ரெய்க்யவிக்கிலிருந்து காரில் இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஷூவுக்கு அடியில் இரும்பு முள் மாட்டி, கையில் கோடரி கொடுத்து, வரிசையாக நடத்திக் கூட்டிப் போகிறார்கள். மெதுவாக நடக்கும் குழு என்று கேட்டுச் சேர்ந்துகொள், உன் முட்டிக்கும் என் முட்டிக்கும் அதுதான் சரி. பனி வெள்ளையாக இருக்கும் என்று நினைத்துப் போகாதே. பழைய எரிமலைச் சாம்பல் படிந்து கறுப்புக் கறுப்பாக வரிவரியாக இருக்கிறது. இந்தப் பனியாறு இறங்கி வரும் பெரிய பனிப்படலத்துக்கு அடியிலேயே கட்லா என்ற எரிமலை இருக்கிறது, 1918இல் பெரிதாக வெடித்தது. பக்கத்திலுள்ள இன்னொன்றுதான் 2010இல் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் விமானங்களை நிறுத்தியது. என்னைத் தொட்ட சங்கதி இவை எதுவும் இல்லை. அந்த வட்டாரத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் 2010லிருந்து வருடா வருடம் இலையுதிர்காலத்தில் வந்து பனி எவ்வளவு பின்வாங்கியிருக்கிறது என்று அளந்து குறிக்கிறார்கள். முன்பு பனி இருந்த இடத்தில் இப்போது ஏரி நிற்கிறது. பிள்ளைகள் அளக்கப் படகில் போகிற நிலைமை.

கைடு இருந்துவிட்டாலே ஆபத்து இல்லை என்றும் நினைக்காதே. 2024 ஆகஸ்டில் தென்கிழக்கே ப்ரெய்தாமெர்குர் பனியாற்றில், கைடோடு போன ஒரு குழுவின் மேல் பனி இடிந்து விழுந்து ஒருவர் இறந்துபோனார். பனிக்குகை என்பது குளிர்காலத்துச் சமாச்சாரம். கோடையில் உருகும் நீர் உள்ளே ஓடிச் சுவரை அரித்துக்கொண்டே இருக்கும். நீங்கள் போகிற மாதத்தில் யாராவது பனிக்குகை என்று விற்க வந்தால், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்.

திங்வெட்லிர் பூங்காவில் தண்ணீர் நிறைந்து கிடக்கும் சில்ஃப்ரா பிளவில் மூழ்கிப் பார்க்க வேண்டும் என்று உன் மகள் சொல்கிறாளாமே. தண்ணீர் வருடம் முழுக்க 2லிருந்து 4 டிகிரி. உடம்பு நனையாத உடுப்பு மாட்டித்தான் இறக்குவார்கள், கைடு கட்டாயம், நீச்சல் தெரியாதவர்களைச் சேர்ப்பதில்லை. நூறு மீட்டர் வரை கண்ணாடி போலத் தெரியும் தண்ணீர், சின்னவளுக்கு அருமையாக இருக்கும். நீ தாமிரபரணியில் இக்கரைக்கும் அக்கரைக்கும் நீந்தினவள்தான், ஆனாலும் கரையில் உட்கார்ந்து அவளை வேடிக்கை பார்.

ரெய்னிஸ்ஃப்யாரா கருமணல் கடற்கரையில் அண்ணனை மட்டும் கண்காணித்துக்கொள். அவருக்குக் கடலைக் கண்டால் வேட்டியை மடித்துக்கட்டும் பழக்கம். அங்கே அலை அமைதியாக வந்துகொண்டே இருக்கும், திடீரென்று ஒன்று மட்டும் ரொம்ப தூரம் ஏறி வந்து ஆளை இழுத்துவிடும். அப்படி உயிரை விட்டவர்கள் உண்டு. எச்சரிக்கை விளக்கு வைத்தும் ஜனங்கள் போட்டோவுக்காக முன்னே போய் நிற்கிறார்கள். அப்புறம் காற்று. கார்க் கதவை ஒரு கையால் திறக்காதே, மடக்கிப் பிய்த்துவிடும். வாடகைக் கார் இன்சூரன்ஸ் அதற்குப் பெரும்பாலும் பணம் தராது. எங்காவது மாட்டிக்கொண்டால் 112. வந்து மீட்கிறவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். கடைக்காரர், தச்சர், வாத்தியார் என்று வேலையை விட்டுவிட்டு ஓடி வருவார்கள். இவர்களுடைய அமைப்புக்குப் பெரிய வருமானம் எது தெரியுமா? புத்தாண்டுக்குப் பட்டாசு விற்பது! கேட்டதும் எனக்குச் சிவகாசிதான் ஞாபகம் வந்தது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பேக்கேஜை விட்டுவிட்டு அந்த நாட்களில் பாதியை ஹெய்மாயே தீவில் போடுங்கள். தெற்குக் கரைக்கு எதிரே வெஸ்ட்மன்னாயார் தீவுக்கூட்டம், அதில் ஆள் வசிக்கும் ஒரே தீவு. ரெய்க்யவிக்கிலிருந்து காரில் சுமார் இரண்டு மணி நேரம் போனால் லாந்தேயாஹொப்ன் துறைமுகம், அங்கிருந்து கப்பலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. கடல் மோசமானால் கப்பலை வேறு துறைமுகத்துக்கு மாற்றிவிடுவார்கள், அந்த வழியில் மூன்று மணி நேரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். அதனால் திரும்பும் விமானத்துக்கு முன்னால் ஒரு நாளைச் சும்மா விட்டுவை.

1973 ஜனவரி 23, விடியற்காலை இரண்டு மணி வாக்கில் அந்த ஊரின் ஓரத்தில் தரை ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் பிளந்து நெருப்பு எழுந்தது. ஊரில் 5,300 பேர். முந்தின நாள் புயல் என்பதால் மீன்பிடிப் படகு ஒன்றுகூடக் கடலுக்குப் போகவில்லை, எல்லாம் துறைமுகத்திலேயே கட்டியிருந்தன. இரவில் காற்றும் அடங்கிவிட்டது. விடிவதற்குள் ஏறக்குறைய ஊரே படகேறிவிட்டது. லாவா என்ற எரிமலைக் குழம்பு துறைமுக வாயிலை அடைக்க வந்தபோது, கடல்நீரைப் பம்புகளால் மாதக்கணக்கில் அதன் மேல் அடித்துக் குளிர வைத்து நிறுத்தினார்கள். எரிமலை ஜூலையில்தான் அடங்கியது. நானூறு வீடுகள் போல அழிந்தன. துறைமுகம் மட்டும் முன்னைவிடப் பாதுகாப்பானதாக ஆகிவிட்டது. அப்புறம் பல வருடம் அந்த லாவாச் சூட்டையே குழாயில் எடுத்து வீடுகளைச் சூடாக்கியிருக்கிறார்கள், அந்தச் சாமர்த்தியத்தை என்ன சொல்ல!

அந்த வெடிப்பில் எழுந்த எல்ட்ஃபெல் என்ற புது மலை இருநூறு மீட்டர்தான். வழி தெளிவாக இருக்கிறது, ஏறிவிடலாம். ஆனாலும் இங்கே மட்டும் தேவையில்லாத கைடுக்குக் காசு கொடு என்கிறேன். எங்களுக்கு வாய்த்தவர் நம் வயதுப் பெண்மணி, அந்த இரவில் சின்னப் பிள்ளையாகப் படகில் போனவர். புதைந்த தெருக்களின் பெயர்களைப் பலகையில் எழுதி லாவாவின் மேல் நட்டிருக்கிறார்கள். ஒரு பலகையைக் காட்டி, "நம் காலுக்குக் கீழேதான் எங்கள் தெரு" என்றார். அம்மா அன்றைக்குக் கையில் எடுத்துக்கொண்டது என்ன என்று கேட்டேன். "ஒரு பெட்டி நிறைய ஈரத்துணி. முந்தின நாள் துவைத்து வைத்தது" என்றார். எல்ட்ஹெய்மார் அருங்காட்சியகம் என்று, சாம்பலிலிருந்து தோண்டியெடுத்த ஒரு வீட்டைச் சுற்றியே 2014இல் கட்டியிருக்கிறார்கள். அதையும் பார், ஆனால் அவரோடு நடந்துவிட்டுப் பார்.

படகில் தீவைச் சுற்றிக் காட்டுகிறார்கள். ஒரு கடல்குகைக்குள் எஞ்சினை நிறுத்திவிட்டு மாலுமி சாக்ஸபோன் எடுத்து வாசித்தார், எனக்கு நாடகத்தனமாகப் பட்டது, மருமகள் அழுதாள். 1963இல் கடலுக்குள்ளிருந்து பிறந்த சுர்ட்சே தீவில் ஆய்வாளர்கள் தவிர யாரும் இறங்கக் கூடாது, தெளிவான நாளில் தூரத்திலிருந்து பார்த்துக்கொள்ளலாம். அங்கே வெளியிலிருந்து ஒரு விதைகூடப் போகக் கூடாது என்று அத்தனை கெடுபிடி. ஒருநாள் பார்த்தால் ஒரு தக்காளிச் செடி முளைத்து நிற்கிறதாம். ஆய்வுக்குப் போன யாரோ அவசரத்துக்கு ஒதுங்கியதன் பலன்!

நீங்கள் போகிற சமயத்தில் வளர்ந்த பஃபின் பறவைகள் முக்கால்வாசி கடலுக்குத் திரும்பியிருக்கும். அதற்கு வருத்தப்படாதே. அப்போதுதான் குஞ்சுகள் வளையை விட்டு ராத்திரியில் கிளம்பும். கடலுக்குப் போக வேண்டியவை ஊர் விளக்கைப் பார்த்துக் குழம்பி, தெருவில் வந்து விழும். ஊர்ப் பிள்ளைகள் டார்ச்சும் அட்டைப்பெட்டியுமாக நடுராத்திரி வரை அலைந்து பொறுக்குவார்கள், அந்த வாரங்களில் சீக்கிரம் தூங்கச் சொல்லி யாரும் அதட்டுவதில்லை. மறுநாள் எடை போட்டுக் குறித்துவிட்டு, பாறை விளிம்பிலிருந்து கடலை நோக்கி வீசிப் பறக்க விடுவார்கள். இதற்கு டிக்கெட் கிடையாது. ஏதாவது ஒரு குடும்பத்திடம் பேச்சுக் கொடுத்தால் உன் கையிலும் ஒன்று தருவார்கள். மீன் குறைந்ததால் பஃபின் எண்ணிக்கை இருபது வருடமாகவே சரிவு. அதே ஊரில் பஃபினைப் பிடித்துச் சமைப்பதும் வழக்கம், இப்போது அதற்குச் சில நாட்கள் மட்டுமே அனுமதி. இரண்டும் எப்படி ஒத்துப்போகிறது என்று அந்தப் பெண்மணியிடம் கேட்டேன். "நீங்கள் கோழி வளர்த்ததில்லையா?" என்று திருப்பிக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ஆகஸ்ட் முதல் வார இறுதியில் அங்கே பெரிய திருவிழா, ஊரில் கால் வைக்க இடம் இருக்காது. உங்கள் தேதி அதற்குப் பிந்தியது என்பதால் தப்பித்தீர்கள். இருந்தாலும் தங்குமிடம் குறைவு, இப்போதே பிடித்துவை.

என் மழைக்கோட்டையும் கம்பளி உள்ளுடுப்பையும் அடுத்த வாரம் கூரியரில் போடுகிறேன், உனக்கு ஒரு சுற்றுப் பெரிதாக இருக்கும், பரவாயில்லை, உள்ளே ஸ்வெட்டர் போட இடம் வேண்டும். குடை எடுத்துப் போகாதே, அந்தக் காற்றில் குச்சிதான் மிஞ்சும். ஏஜென்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டாயா இல்லையா என்று மட்டும் உடனே ஒரு போன் பண்ணு.

உன்,
செல்வி