வண்டி மாறும் இடைவெளியில் சென்னையைப் பார்க்கலாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்மாவட்டங்களிலிருந்து வடமாநிலங்களுக்குச் செல்வோர் காலையில் எழும்பூரில் இறங்கி, இரவு சென்ட்ரலில் வண்டி ஏறும்வரை போக்கிடமின்றி நடைமேடையில் துண்டை விரித்துக் கிடக்க வேண்டியிருக்கிறது என்று வருந்தி வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைத் தங்கள் நாளிதழில் படித்தேன். அவர் சொன்ன சிரமத்தை நான் மறுக்கவில்லை. நானும் என் மனைவியும் பல ஆண்டுகள் அப்படிக் கிடந்தவர்கள்தான். ஆயினும், கையில் பணம் அதிகம் இல்லாதவர்களுக்கு அந்தப் பகல் பொழுது வீண்தான் என்று அவர் முடித்திருப்பதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்த நாளைக் கழிக்கப் பணத்தைவிட, எந்தக் கதவு எப்போது திறந்திருக்கும் என்ற தகவல்தான் முதலில் தேவைப்படுகிறது. அத்தகவல் நிலையத்தில் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை என்பதே என் குறை.

எங்கள் மகள் நாக்பூரில் இருக்கிறாள். நேரடியாகச் செல்லும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் வாரத்தில் இரண்டு நாள் மட்டுமே ஓடுவதாலும், அதில் இடம் கிடைப்பது அரிதாக இருப்பதாலும், நெல்லை எக்ஸ்பிரஸில் எழும்பூர் வந்து, இரவு 10 மணியை ஒட்டிப் புறப்படும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸைப் பிடிப்பதே எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. இடையில் ஏறக்குறைய பதினைந்து மணி நேரம் இருக்கிறது. விடுதியில் அறை எடுப்பது ஓய்வூதியக்காரருக்குக் கட்டுப்படியாகாது. உறவினர் வீடுகளோ தாம்பரத்துக்கு அப்பால் இருப்பதால், போய்த் திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

முதலில் மூட்டை முடிச்சுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் பயணியை நடைமேடையோடு கட்டிப் போடுவது அவைதான். எந்த நிலையத்தில் இறங்குகிறோமோ அங்கேயே பையை வைத்துவிட்டுச் சுற்றக் கிளம்புவது பலர் செய்யும் தவறு. மாலையில் அதை எடுக்க மறுபடியும் அங்கே ஓட வேண்டியிருக்கும். ஏறப்போகும் நிலையத்தின் கிளாக் ரூமில் வைப்பதே முறை. எழும்பூரிலிருந்து சென்ட்ரலுக்கு மெட்ரோவில் ஒரே நிறுத்தம், கட்டணம் 10 ரூபாய், மின்படிக்கட்டும் மின்தூக்கியும் இருப்பதால் பெட்டியைத் தூக்கித் திணற வேண்டியதில்லை. இந்த இரண்டு கிலோமீட்டர் தூரத்துக்கு ஆட்டோக்காரர் ஒருவர் எங்களிடம் 300 ரூபாய் கேட்டதும், நாங்கள் மறுபேச்சில்லாமல் கொடுத்ததும் மெட்ரோ வருவதற்கு முந்தைய கதை.

கிளாக் ரூமில் பயணச்சீட்டையும் அடையாள அட்டையையும் காட்ட வேண்டும். பை பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதும் விதி. இந்த இரண்டாவது விதி தெரியாமல், ஒரு பெரிய நிலையத்தில் கட்டைப்பையும் கயிறு கட்டிய அட்டைப்பெட்டியுமாக வரிசையில் அரைமணி நேரம் நின்று திருப்பி அனுப்பப்பட்டோம். விதியைக் குறை சொல்லவில்லை, பொருள் தொலைந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வி வரத்தான் செய்யும். ஆனால் அதை வரிசையின் முடிவில் இருப்பவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா, வரிசையின் தொடக்கத்தில் தமிழில் ஒரு பலகை வைத்தால் ஆகாதா? அன்றிலிருந்து ஜிப்பில் பூட்டுப் போடக்கூடிய பை இரண்டு மட்டுமே எங்களோடு பயணம் செய்கின்றன. சீடையும் முறுக்கும்கூட அதற்குள்தான்.

குளிப்பதற்கு நிலையத்தின் ஓய்வறைகள் இருக்கின்றன. உறுதியான இருக்கையோ ஆர்.ஏ.சி.யோ உள்ளவர்கள் பி.என்.ஆர். எண்ணைக் கொடுத்து முன்கூட்டியே பதிவு செய்யலாம். பலர் சேர்ந்து தங்கும் கூடத்தில் ஒரு படுக்கை கிடைத்தாலே குளித்து, உடை மாற்றி, ஒரு மணி நேரம் கண்ணயரலாம். கிடைக்காவிட்டால் பயணிகள் காத்திருப்புக் கூடத்துக் குளியலறைதான், அதற்குக் காலை எட்டு மணிக்கு முன்பே போய்விடுவது நல்லது.

இனி, எங்கே போவது என்பது. சென்னைக்கு வரும் உறவினர் ஒவ்வொருவரும் ஒரே நாளில் மயிலாப்பூர், வடபழனி, மாமல்லபுரம், தியாகராய நகர் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று பட்டியல் போடுகிறார்கள். பகலில் பாதியைப் பேருந்து நெரிசலில் விட்டுவிட்டு, மீதியில் எதையும் நின்று பாராமல், கால் வீங்கி நிலையத்துக்குத் திரும்புகிறார்கள். நாங்கள் கண்டுகொண்ட வழி, வெயில் ஏறும் நேரத்துக்கு ஒரு கூரை, வெயில் தாழ்ந்த பிறகு ஒரு திறந்தவெளி, இரண்டும் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதே.

கூரை என்று நான் சொல்வது எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தை. பைகளை வைத்துவிட்டு, சென்ட்ரலுக்கு எதிரே உள்ள பூங்கா நிலையத்தில் 5 ரூபாய்ச் சீட்டு எடுத்து மின்தொடர் வண்டியில் எழும்பூர் திரும்பினால், அங்கிருந்து பாந்தியன் சாலைக்குக் கால் மணி நேர நடைதான். 1851-இல் தொடங்கப்பட்ட இந்த அருங்காட்சியகம், கொல்கத்தா அருங்காட்சியகத்துக்கு அடுத்தபடியாக நாட்டிலேயே பழமையானது. நுழைவுக் கட்டணம் ஒரு வேளைச் சிற்றுண்டியைவிடக் குறைவு. உள்ளே இருப்பதோ, வெளிநாட்டார் விமானம் ஏறி வந்து பார்ப்பவை. செப்புத்திருமேனிக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசர் இருக்கிறார். அத்திருமேனியின் புகைப்படங்களை மட்டுமே பார்த்த பிரெஞ்சுச் சிற்பி ரோடின் வியந்து எழுதினார் என்பது பலருக்குத் தெரிந்திருக்கலாம். நேரில் பார்க்க வாய்த்திருக்கும் நாம் நடைமேடையில் உறங்கிக்கொண்டிருக்கிறோம். திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரின் முன்னே என் மனைவி அசையாமல் நின்றதை முதன்முறை பார்த்தபோது, கோயிலில் அவள் அவ்வளவு நேரம் நின்றதில்லையே என்று நினைத்துக்கொண்டேன். கோயிலில் நம்மை நிற்க விடமாட்டார்கள் என்பதும் ஒரு காரணம்.

எங்கள் தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்களுக்கு அங்கே வேறொரு உரிமையும் உண்டு. ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தெடுத்த பொருள்கள் வந்து சேர்ந்த இடம் இதுதான். ஊரில் தாமிரபரணிக் கரையில் பரம்பை, அதாவது தாழிகள் புதைந்த மேட்டைப் பார்த்தவர்கள், அந்த மண்ணுக்குள் இருந்த இரும்பையும் வெண்கலத்தையும் இங்கே கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கும்போது ஏற்படும் உணர்வைச் சொல்லத் தெரியவில்லை. ஆந்திரத்து அமராவதியிலிருந்து வந்த பௌத்தச் சிற்பங்களையும் விட்டுவிடக் கூடாது. பிள்ளைகளோடு வருவோர் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டை முதலில் காட்டிவிட்டால், பிறகு அவர்கள் பெரியவர்களைச் சிறிது நேரம் பொறுத்துக்கொள்வார்கள். கட்டடங்கள் பலவாகப் பிரிந்து கிடப்பதால் எல்லாவற்றையும் பார்க்க முயல வேண்டாம். செப்புத்திருமேனிகள், தொல்லியல், அமராவதி என மூன்றோடு நிறுத்திக்கொண்டு, கால் ஓய்ந்தால் அதே வளாகத்தில் 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகத்தில் உட்காரலாம். காலை 9.30 மணி முதல் மாலை 5 மணி வரை அருங்காட்சியகம் திறந்திருக்கும். வெள்ளிக்கிழமை விடுமுறை. ஞாயிறுதான் விடுமுறையாக இருக்கும் என்று எண்ணி வெள்ளியன்று போய்ப் பூட்டிய வாயிலைப் பார்த்துத் திரும்பிய அனுபவம் எங்களுக்கு உண்டு.

வெள்ளிக்கிழமை வந்து இறங்குவோர் என்ன செய்வது? புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் தொல்லியல் துறை அருங்காட்சியகத்துக்கும் அன்றுதான் விடுமுறை என்பதால் அதுவும் உதவாது. மற்ற நாள்களில், பூங்கா நிலையத்துக்கு அடுத்த நிறுத்தமான கோட்டையில் இறங்கி, 1680-இல் கட்டி முடிக்கப்பட்ட புனித மரியாள் தேவாலயத்தையும் அந்த அருங்காட்சியகத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். தலைமைச் செயலகம் அங்கே இருப்பதால் சோதனைகள் உண்டு, அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு அந்த இடம் ஒரு முறை பார்க்கப் போதும் என்று தோன்றியது, வரலாறு படித்தவர்கள் மாறுபடலாம்.

மாலைக்குத் திருவல்லிக்கேணி. சென்ட்ரலுக்கு எதிர்ப்புறமுள்ள பூங்கா நகர் நிலையத்திலிருந்து வேளச்சேரி செல்லும் பறக்கும் ரயிலில் ஏறினால், சிந்தாதிரிப்பேட்டை, சேப்பாக்கம் தாண்டி மூன்றாவது நிறுத்தம், அதற்கும் கட்டணம் 5 ரூபாய்தான். பூங்கா வேறு, பூங்கா நகர் வேறு என்பதை வெளியூர்க்காரர்கள் கவனிக்க வேண்டும். பெயர்க் குழப்பத்தில் நாங்கள் ஒரு முறை தவறான நிலையத்தில் சீட்டு எடுத்துவிட்டு நின்றோம். பார்த்தசாரதி கோயிலில் பிற்பகல் நடை சாத்தியிருக்கும். நான்கு மணிக்கு மேல் போவதே நல்லது. கோயிலை ஒட்டிய துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதியார் இறுதியாக வாழ்ந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் எங்களுக்கு எட்டும் தொலைவு, அவர் பிறந்த வீட்டுக்குப் பள்ளிப் பிள்ளையாக இருந்த காலத்திலிருந்தே போய்வருகிறேன். 1921-இல் அவர் மறைந்த ஊரைப் பார்க்க மட்டும் எனக்கு அறுபது வயது ஆகவேண்டியிருந்தது. இத்தனைக்கும் ஆண்டுக்கு இருமுறை அதற்கு மூன்று நிறுத்தம் தள்ளிப் படுத்துக் கிடந்திருக்கிறேன்.

அங்கிருந்து கடற்கரைக்கு நடந்தே போகலாம். வழியில், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் கட்டப்பட்டு, பின்னர் 1897-இல் விவேகானந்தர் தங்கிய ஐஸ் ஹவுஸ் இருக்கிறது. மெரினாவில் சுண்டலும் காற்றும் போதும். கால் நனைக்கிறேன் என்று அலைக்குள் இறங்குவது ஆபத்தானது, குறிப்பாகப் பிள்ளைகளை விடக் கூடாது. மணல் ஒட்டிய காலோடு இரண்டாம் வகுப்புப் பெட்டியில் ஏறி இரவு முழுவதும் நெளிவது தனித் துன்பம் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

செலவுக் கணக்கை வாசகர் கேட்பார். காலையில் அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய் இட்லி. நான் சாப்பிட்டிருக்கிறேன், வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை. மதியம் திருவல்லிக்கேணியின் மெஸ் ஒன்றில் அளவுச் சாப்பாடு, அல்லது எழும்பூரிலேயே. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் மகளிருக்குக் கட்டணம் இல்லையாதலால், ரயிலை விட்டுப் பேருந்தில் போகும் நாளில் என் மனைவிக்குச் செலவே இல்லை, எனக்கு மட்டும் சீட்டு. சென்ற முறை கிளாக் ரூம் கட்டணம், உணவு, நுழைவுச்சீட்டு எல்லாம் சேர்த்து இருவருக்கும் 400 ரூபாயைத் தாண்டவில்லை. நடைமேடையில் கிடந்த காலத்தில் தேநீருக்கும் பிஸ்கெட்டுக்கும் தண்ணீர்ப் புட்டிக்குமாக இதில் பாதிக்கு மேல் கரைந்துகொண்டிருந்தது.

ஒரு நிபந்தனை மட்டும் நாங்கள் மீறுவதில்லை. வண்டி புறப்படுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பாகச் சென்ட்ரலில் இருந்துவிடுவோம். கிளாக் ரூமில் வாங்குவதற்கும் வரிசை உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. அதுபோல, காலையில் வரும் வண்டி மூன்று நான்கு மணி நேரம் தாமதமானால், மாலைத் திட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு பகல் திட்டத்தைக் கைவிட வேண்டும். எழும்பூர் நிலையத்தில் மறுசீரமைப்புப் பணி நடப்பதால் வண்டி தாம்பரத்தோடு நிறுத்தப்பட்டாலும் கலங்க வேண்டியதில்லை. அங்கிருந்து மின்தொடர் வண்டியில் 10 ரூபாயில் பூங்கா நிலையம் வந்துவிடலாம்.

ரயில்வே நிர்வாகத்திடம் நான் கேட்பது பெரிதல்ல. எழும்பூரிலும் சென்ட்ரலிலும் வெளியேறும் வாயிலருகே, கிளாக் ரூம் விதிகள், ஓய்வறைப் பதிவு முறை, அருகிலுள்ள இடங்களின் திறப்பு நேரம், விடுமுறை நாள், அங்கு செல்லும் ரயில் நிலையம் ஆகியவற்றைத் தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதிய ஒரே ஒரு பலகை வைத்தால் போதும். 2025-இல் வந்த சென்னை ஒன் செயலியில் பேருந்துக்கும் மெட்ரோவுக்கும் மின்தொடர் வண்டிக்கும் ஒரே இடத்தில் சீட்டு எடுக்கலாம் என்று என் பேரன் காட்டினான். நல்லதுதான், ஆனால் நடைமேடையில் துண்டு விரித்திருப்பவர்களில் பலரிடம் பொத்தான் வைத்த கைப்பேசிதான் இருக்கிறது. அருங்காட்சியக நிர்வாகமும், வாயிலில் பைகளை வாங்கி வைக்கும் வசதியைப் பெரிய பெட்டிகளுக்கும் விரிவாக்கினால், எழும்பூரில் இறங்குவோர் சென்ட்ரல் வரை போய்த் திரும்பும் வேலை மிச்சமாகும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் வாரம் ஒருமுறை இந்த விவரங்களைச் சிறு கட்டமாக வெளியிட்டால், பயணத்துக்கு முன் வெட்டி எடுத்துப் பையில் வைத்துக்கொள்ள வசதியாக இருக்கும். அடுத்த மாதம் நாங்கள் வந்து இறங்குவது ஒரு வெள்ளிக்கிழமை. அருங்காட்சியகம் இல்லையாதலால், பறக்கும் ரயிலில் திருமயிலை வரை போய்க் கபாலீசுவரர் கோயிலை நடை சாத்துவதற்குள் பார்த்துவிட எண்ணியிருக்கிறோம். பகல் பன்னிரண்டுக்கும் நான்குக்கும் இடையே அப்பகுதியில் முதியவர்கள் உட்கார நிழலான பொது இடம் எது என்பதை, அறிந்த வாசகர் யாரேனும் தங்கள் பகுதியில் எழுதினால் நன்றியுடையவனாவேன்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற அஞ்சலக ஊழியர்,
கோவில்பட்டி.