சத்தம் வருகிறது, படம் இல்லை: டி.வி.யைத் தலைமுழுக அவசரம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உள்ளிருந்து திரையின் பின்பக்கத்தில் படத்தை வீசிக் காட்டும் பழைய ரியர் புரொஜெக்‌ஷன் டி.வி.யில் சத்தம் மட்டும் வந்து படம் வராவிட்டால் படக்குழாய் தீர்ந்துவிட்டது என்றும், அதற்குச் செலவு செய்வது வீண் என்றும் தங்கள் நாளிதழின் வீட்டுச் சாதனங்கள் பகுதியில் எழுதியிருந்தார்கள். இந்தப் பெட்டிகளைப் பழுது பார்ப்பதையே பிழைப்பாகக் கொண்டவன் நான். அந்தக் கருத்தை மறுக்காமல் இருக்க முடியவில்லை. அதை நம்பி, சரிசெய்யக்கூடிய பெட்டிகளைப் பலரும் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

இந்த டி.வி.க்களில் படக்குழாயால் படம் காட்டும் குழாய் வகையும், விளக்கால் காட்டும் விளக்கு வகையும் உண்டு. குழாய் வகைப் பெட்டிக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று தனித்தனிக் குழாய்கள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு 7 அங்குல முகம். இந்த மூன்றும் பேசி வைத்தாற்போல ஒரே நாளில் தீர்ந்துபோகுமா? குழாய் தேய்ந்தால் முதலில் ஒரு நிறம் மங்கும். படம் நாளாக நாளாக இருண்டுகொண்டே வரும். நேற்று இரவு பளிச்சென்று இருந்த படம் இன்று காலை அடியோடு இல்லை என்றால், மூன்றுக்கும் பொதுவான ஏதோ ஒன்று நின்றுபோயிருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

பின்மூடியைக் கழற்றி, அறையை இருட்டாக்கிவிட்டுப் பார்த்தால், குழாய்களின் கழுத்துப் பகுதியில் சூடேறும் இழையான ஹீட்டர் ஆரஞ்சு நிறத்தில் கனன்றுகொண்டிருப்பது தெரியும். மூன்றும் கனல்கின்றன, உயர் மின்னழுத்தமும் வருகிறது, ஆனாலும் திரை இருட்டு. இந்த இடத்தில்தான் அனுபவம் குறைந்த மெக்கானிக்குகள் குழாயின் மேல் பழியைப் போட்டுவிடுகிறார்கள். உண்மையில் பெட்டி தன்னைக் காத்துக்கொள்ளவே பல நேரம் படத்தை மறைத்து வைத்திருக்கிறது. எலக்ட்ரான் கதிரை மேலும் கீழும் அசைக்கும் வெர்டிகல் பகுதி நின்றுவிட்டால், அவ்வளவு வெளிச்சமும் ஒரே கோட்டில் குவிந்து குழாயின் முகத்தில் உள்ள ஒளிரும் பூச்சான பாஸ்பரைச் சுட்டுவிடும். சிறிய முகத்தில் மிகுந்த வெளிச்சத்தோடு ஓடும் குழாய் என்பதால் அந்தத் தழும்பு விழ நேரம் பிடிக்காது. விழுந்தால் போகவும் போகாது. அதனால்தான் அசைவு நின்றது தெரிந்ததும் கதிரையே அடக்கிவிடும் பாதுகாப்புச் சுற்றை வைத்திருக்கிறார்கள். இதை அறியாமல் ஸ்கிரீன் கட்டுப்பாட்டைத் திருகி வெளிச்சத்தை ஏற்றுகிறவர்களும், பாதுகாப்புச் சுற்றைத் துண்டித்துப் பார்க்கிறவர்களும் நல்ல குழாயைத் தம் கையாலேயே கெடுத்துவிடுகிறார்கள். இதைக் கண்டால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

அந்த அசைவைத் தரும் வெர்டிகல் ஐ.சி. என்ற சில்லைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டும். சூட்டை வெளியேற்றும் அலுமினிய ஹீட்சிங்கில் திருகப்பட்டு, ஓடும்போதெல்லாம் சூடேறி, அணைத்ததும் குளிர்ந்து, ஆண்டுக்கணக்கில் விரிந்து சுருங்கியிருக்கும். போர்டின் அடிப்பக்கத்தைத் திருப்பி, விளக்கொளியைப் பக்கவாட்டில் விழவைத்து, உருப்பெருக்கியால் பாருங்கள். கால்களைச் சுற்றி ஈயத்தில் முடியளவு மெல்லிய கறுப்பு வளையம் தெரியலாம். பற்றவைத்தது விட்டுப்போனதன் அடையாளம் அது. தொழிலில் இதை டிரை சால்டர் என்போம். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைத்ததும் படம் திரும்பிய பெட்டிகள் உண்டு. பக்கத்திலேயே வெக்கையில் வாடிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களும் இருக்கும். அவற்றையும் மாற்றிவிடுவது நல்லது.

பெட்டியை இயக்கும் மின்ஸ்விட்சான ரிலே ஒருமுறை சொடுக்கி, சத்தமும் இல்லாமல் உடனே அணைந்துவிட்டால் கதை வேறு. மூன்று நிறங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தும் கன்வர்ஜென்ஸ் ஐ.சி.க்கள் ஷார்ட் ஆகிப் பவர் சப்ளையைக் கீழே இழுப்பது இந்தப் பெட்டிகளின் பழைய வியாதி. எஸ்.டி.கே. 392 வரிசை ஐ.சி.க்களைத் தெரியாத மெக்கானிக் இருக்க மாட்டார். ஐ.சி.யை மட்டும் மாற்றினால் போதாது. அருகில் கருகிய குறைந்த ஓம் ரெசிஸ்டர்களை அளந்து பார்க்காமல் விட்டால் புதிய ஐ.சி.யும் போய்விடும். போலி ஐ.சி.க்களும் விற்பனையில் உலவுகின்றன, எச்சரிக்கை.

விளக்கு வகைப் பெட்டிகளுக்குக் கட்டுரையின் கூற்று துளியும் பொருந்தாது. அந்த வகையைச் சேர்ந்த டி.எல்.பி. டி.வி.யில் படக்குழாயே கிடையாது. 1987-இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் லாரி ஹார்ன்பெக் உருவாக்கிய நுண்கண்ணாடிச் சில்லில் வெளிச்சம் பட்டுத் திரும்பித்தான் அதில் படம் விழுகிறது. சத்தம் வந்து படம் வராவிட்டால் முதல் சந்தேகம் விளக்கின் மேல். ஆனால் புதிய விளக்கை வாங்குவதற்கு முன், விளக்கறை மூடி சரியாக உட்கார்ந்து அதன் பாதுகாப்பு ஸ்விட்சை அழுத்துகிறதா என்று பாருங்கள். பிறகு காது கொடுத்துக் கேளுங்கள். வெளிச்சத்துக்கு நிறமேற்றிச் சுழலும் வண்ணச் சக்கரம் வேகமெடுக்கும் மெல்லிய ரீங்காரம் கேட்காவிட்டால், பல மாடல்களில் விளக்கு எரியவே முயலாது. புதிய விளக்கு போட்டும் இருட்டு என்றால் அதற்கு மின்சாரம் தரும் பேலஸ்டைச் சோதிக்க வேண்டும்.

சரிசெய்ய முடியாத பெட்டிகளும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். மூன்று குழாய்களிலும் தழும்பு விழுந்தவை, ஒளிப்பகுதியே கருகியவை ஆகியவற்றில் பணத்தைக் கொட்டச் சொல்ல மாட்டேன். 2012 டிசம்பரில் மிட்சுபிஷியும் விலகிய பிறகு இந்த வகை டி.வி.யைத் தயாரிக்கப் பெரிய நிறுவனம் எதுவும் இல்லை. உதிரிபாகம் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனாலேயே, கையில் இருப்பதைக் கண்டறியாமல் கழிப்பது எனக்குச் சம்மதமில்லை.

கட்டுரையில் விடுபட்ட ஒன்றையாவது தாங்கள் தவறாமல் வெளியிட வேண்டும். குழாய்ப் பெட்டியில் சுமார் 30 ஆயிரம் வோல்ட் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் குழாய்களில் மின்னேற்றம் தங்கியிருக்கும். முறைப்படி அதை வெளியேற்றத் தெரியாதவர் உள்ளே கைவைக்கக் கூடாது. குழாய்க்கும் லென்ஸுக்கும் நடுவே உள்ள குளிர்விப்புத் திரவத்தில் எத்திலீன் கிளைகால் உண்டு. அது இனிப்பான நஞ்சு. கசிந்திருந்தால் குழந்தைகளையும் வளர்ப்புப் பிராணிகளையும் அண்டவிடாதீர்கள். விளக்கு வகையில் விளக்குக்குள் பாதரசம் இருக்கிறது. அது வெடித்துவிட்டால் டி.வி.யை அணைத்து, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, எல்லோரும் அறையை விட்டு வெளியேற வேண்டும்.

இப்படிக்கு,
டி.வி. பழுது பார்க்கும் வாசகர் ஒருவர்