மூன்று குரல்களுக்கு ஒரு வரி போதுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நாட்டுப்புற மரபில் வேரூன்றிய அமெரிக்கக் கன்ட்ரி இசையைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். பாடகிகள் டாலி பார்ட்டன், லிண்டா ரான்ஸ்டட், எம்மிலூ ஹாரிஸ் மூவரும் சேர்ந்து 1987இல் வெளியிட்ட முதல் இசைத்தொகுப்பான ‘ட்ரியோ’வுக்கு அதில் கிடைத்தது ஒரே வரி. மூன்று நட்சத்திரங்கள் ஒன்றுகூடினார்கள் என்பதோடு கட்டுரையாளர் நகர்ந்துவிட்டார். எனக்கு மனம் ஆறவில்லை. நட்சத்திரங்கள் கூடினால் தொகுப்பு விற்கும். ஹார்மனி, அதாவது வெவ்வேறு சுரங்களில் பாடும் குரல்கள் இசைந்து ஒலிப்பது, தானாக அமைந்துவிடாது.

இவர்கள் சேர்ந்து பாட முயன்றது 1970களிலேயே. ஆளுக்கொரு நிறுவனத்தோடு ஒப்பந்தம், நேரமும் கூடிவரவில்லை. முயற்சி பாதியில் நின்றது. மூவரும் சேர்ந்து பாடிய சில பாடல்கள் மட்டும் அவரவர் தனித் தொகுப்புகளில் இடம்பிடித்தன. அப்படித்தான் எம்மிலூவின் ‘எவாஞ்சலின்’ (1981) தொகுப்பில் ‘மிஸ்டர் சாண்ட்மேன்’ மூவர் குரலிலும் வந்தது. அந்தப் பாடலை மட்டும் தனி இசைத்தட்டாக (சிங்கிள்) வெளியிட நினைத்தபோது மற்ற இருவரின் குரலுக்கு அனுமதி கிடைக்கவில்லை. மூன்று குரல்களையும் எம்மிலூவே பாடிப் பதிவு செய்தார்.

இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்கும்படி உங்கள் வாசகர்களை வேண்டுகிறேன். சுருதி இரண்டிலும் சுத்தம். ஆனால் ஒருவரே மூன்று முறை பாடியதில் எல்லாம் வழவழவென்று ஒன்றாகிவிடுகிறது. மூவர் பாடியதில் குரல்கள் ஒன்றோடொன்று லேசாக உரசுகின்றன. அந்த உரசலில்தான் உயிர் இருக்கிறது.

இத்தகைய பாட்டில் மெட்டைப் பாடுகிற குரல் பெரும்பாலும் நடுவில் நிற்கும். ஷட்ஜத்துக்கும் காந்தாரத்துக்கும் உள்ள தூரம் அளவுக்கு, ஏறத்தாழ, மேலே ஒரு குரல், கீழே ஒன்று. சொல்ல எளிது. டாலியின் குரல் மெல்லியது, ஓரம் கூர்மையானது, விரைந்து அதிர்வது. எம்மிலூவின் குரலில் மூச்சுக்காற்று கலந்திருக்கும். லிண்டாவின் குரலோ பெரிய ராக் அரங்குகளை நிரப்பிப் பழகியது. இவை மூன்றும் ஒரே சொல்லை ஒரே நொடியில் தொடங்கி, உயிரெழுத்தை ஒரே வாயசைவில் நீட்டி, ஒரே நொடியில் முடிக்க வேண்டும். ‘ட்ரியோ’வில் வரும் ‘டெல்லிங் மீ லைஸ்’ பாடலில் லிண்டா முன்னே நிற்கிறார். பல்லவியில் மற்ற இருவரும் வந்து சேர்கிறார்கள். ‘வைல்ட்ஃபிளவர்ஸ்’ டாலி எழுதியது, அவரே முன்னின்று பாடுவது. அங்கே அத்தனை பெரிய குரலை லிண்டா எவ்வளவு அடக்கி வைக்கிறார் என்று கவனியுங்கள். தெரிந்த பலத்தைக் காட்டாமல் இருப்பதற்கு ஒரு பாடகிக்கு எவ்வளவு பயிற்சி வேண்டும்!

‘ட்ரியோ’வின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மாசன்பர்க் ஒலிப்பதிவுப் பொறியாளரும்கூட. ஒலியின் குறிப்பிட்ட அலைவரிசையை மட்டும் கூட்டிக் குறைக்க உதவும் பாராமெட்ரிக் ஈக்வலைசரை உருவாக்கியவர்களில் முக்கியமானவர். கிதார், ஃபிடில், மாண்டலின் எல்லாம் குரல்களுக்கு வழிவிட்டே ஒலிக்கின்றன. ‘ரோஸ்வுட் காஸ்கெட்’ என்ற பழைய நாட்டுப்பாடலை டாலியின் தாயார் வழிவந்த வடிவில் பாடியிருக்கிறார்கள். ஆடம்பரமான வாத்தியக்கோவை அதைக் கெடுத்திருக்கும்.

தொகுப்பு அமெரிக்கக் கன்ட்ரி இசைத்தொகுப்புகளின் தரவரிசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது, கிராமி விருதும் பெற்றது. அது எல்லோரும் எழுதுவதுதான்.

நான் ஆலயப் பாடகர் குழுவில் ஆல்டோ, அதாவது பெண்களின் கீழ்க் குரல், பாடுகிறவள். ஆராதனை முடிந்ததும் மெட்டைப் பாடிய சோப்ரானோவை, அதாவது மேல் குரலைத்தான் பாராட்டுவார்கள். கீழே தாங்கி நின்ற குரல் யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. இசை விமர்சனத்திலும் அதே வழக்கம் தொடர்வதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. ‘ட்ரியோ’வில் ஒருவர் முன்னே வரும்போது மற்ற இருவரும் மனமுவந்து பின்னே போகிறார்கள், அடுத்த பாடலில் இடம் மாறுகிறார்கள். புகழின் உச்சியில் இருந்த மூன்று பெண்கள் அதைச் செய்தார்கள் என்பதற்காகவே அந்தத் தொகுப்புக்குத் தனிக் கட்டுரை தகும்.

கூட்டாகப் பாடிய எந்த இசைத்தொகுப்புக்கு மதிப்புரை வெளியிட்டாலும், எந்தப் பாடலில் மெட்டு யாருடையது, மேல் குரல் யாருடையது, கீழ்க் குரல் யாருடையது என்பதைத் தெரிந்தவரை குறிப்பிடச் சொல்லுங்கள். ‘ட்ரியோ’வின் இரண்டாம் தொகுப்பு 1999இல் வந்தது, வெளிவராத பதிவுகளும் சேர்ந்த முழுத் தொகுதி 2016இல் வந்தது. இரண்டையும் சேர்த்து எழுத உங்கள் கட்டுரையாளரையே கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை