கொடைக்கானல் ஏறும் மாருதிக்கு ஒரு கணக்கு

மதுரை
வெள்ளிக்கிழமை

அன்பு மாப்ளே,

கடிதம் வந்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதி. மலைக் குளிர் ஒத்துக்கொள்ளாது என்று நாங்கள்தான் சும்மா பயமுறுத்தியிருக்கிறோம். இங்கே அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பி, ஊர் இப்போதுதான் ஓய்ந்திருக்கிறது. வெயில் மட்டும் ஓயவில்லை. பகல் பதினொரு மணிக்கு மேல் சிம்மக்கல் பக்கம் தலைகாட்ட முடியவில்லை. ஜிகர்தண்டா கடைக்காரர்கள் பாடு கொண்டாட்டம்.

சரி, உன் வண்டிக்கு வருகிறேன். கொடைக்கானல் மலைப்பாதையில் டம்டம் பாறை தாண்டியதும் இழுவை இல்லை, தேர்டு கியரில் திணறுகிறது, மெக்கானிக் பார்த்துவிட்டு ‘ரிங் போயிருச்சு, போர் போட்டே ஆகணும்’ என்கிறார் (பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங் தேய்ந்துவிட்டது, சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கணுமாம்) என்று எழுதியிருக்கிறாய். அடுத்த பக்கத்திலேயே, மதுரைக்கு இறங்கினால் ரிங் ரோட்டில் பழையபடிதான் ஓடுகிறது என்றும் எழுதியிருக்கிறாய். இதை அவரிடம் சொன்னாயா? ரிங் தேய்ந்திருந்தால் கீழேயும் தேய்ந்துதானே இருக்கும்?

மருமகன் போன வாரம் போன் பண்ணி, “மாமா, இதை சாஃப்ட்வேரில் போட்டுப் பார்க்கலாமே” என்றான். படிக்கிற பையன் கேட்கிறானே என்று உட்கார்ந்தேன், விட மனசு வரவில்லை. எஞ்சினைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்க, கார் கம்பெனிகள் ஜிடி-பவர், வேவ் என்று பெரிய மென்பொருள்களை வைத்திருக்கிறார்கள். குழாய்க்குள் காற்று அலை போய் மோதித் திரும்புவதைக்கூட அவை கணக்குப் போடும். நமக்கு அவ்வளவு வேண்டாம். என் கணினியில் இருப்பது எளிய வகை.

முதலில் கையாலேயே ஒரு கணக்கு போட்டேன், பாலிடெக்னிக்கில் போட்ட மாதிரி. உன் எஞ்சின் 796 சிசி. சிலிண்டர் விட்டம் 68.5 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 72, மூன்று சிலிண்டர். நாலு ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் நிரம்பும். நிமிடத்துக்கு 5000 சுற்றில் ஓடினால் 2500 முறை. அதாவது ஏறக்குறைய 2 கன மீட்டர் காற்று. முழுசாக நிரம்பாது, 85 சதவீதம் வைத்துக்கொள். நம்மூர் வெயிலில் அந்தக் காற்றின் எடை 2 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பதிமூன்று பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்றால் நிமிடத்துக்கு 150 கிராம். ஒரு கிலோ பெட்ரோலில் 44 மெகாஜூல். ஆக எரிவது 110 கிலோவாட். அதில் கால் பங்குதான் சக்கரம் பக்கம் போகும், மிச்சம் ரேடியேட்டரிலும் சைலன்சரிலும் போய்விடும். கால் பங்கு என்றால் 27 கிலோவாட் சொச்சம். குதிரைத்திறனில் 37. கம்பெனிக்காரன் அந்தக் கார்பரேட்டர் வண்டிக்குச் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான்! கையால் போட்ட கணக்கு இவ்வளவு கிட்டத்தில் வந்ததில் எனக்கு அற்ப சந்தோஷம்.

மென்பொருளும் இதையேதான் செய்கிறது, ஆனால் பொறுமையாக. பிஸ்டன் சுழற்றும் கிராங்க் தண்டு இரண்டு முழுச் சுற்று, அதாவது 720 டிகிரி சுற்றுவதைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் வால்வ் எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு காற்று உள்ளே போகும், அழுத்தம் என்ன, சூடு என்ன என்று பார்க்கிறது. பெட்ரோல் ஒரே கணத்தில் வெடிப்பதாக எடுத்துக்கொள்வதில்லை. மெதுவாகப் பிடித்து, நடுவில் வேகமெடுத்து, கடைசியில் தணிகிற ஒரு வளைகோடு. வீபே என்ற ரஷ்யர் கொடுத்தது. சிலிண்டர் சுவர் வழியாக எவ்வளவு சூடு போகிறது என்பதற்கு வோஷ்னி என்ற ஜெர்மானியர் 1967இல் வெளியிட்ட சூத்திரம். அப்புறம் உராய்வு நஷ்டத்தைக் கழிக்கிறது.

இதில் வேலை வாங்குவது வால்வ்தான். விட்டத்தை வெர்னியரில் அளந்துவிடலாம். எந்த டிகிரியில் எவ்வளவு உயரம் தூக்குகிறது என்பது? கப்பலூரில் தெரிந்த பட்டறையில் இதே எஞ்சின் ஒன்று கிடந்தது. கிராங்கில் டிகிரி தட்டு மாட்டி, வால்வ் தலையில் டயல் கேஜ் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினோம். வால்வைத் தூக்குகிற கேமின் மேடு வந்தாலும் முள் அசையாது. நடுவில் விட்டிருக்கிற சின்ன இடைவெளி, டேப்பெட் கேப், தீர்ந்த பிறகுதான் மெல்ல நகர ஆரம்பிக்கும். அந்த இடத்தை நாலைந்து டிகிரி தள்ளி எழுதிவிட்டால் திரையில் வரைபடமே வேறு மாதிரி வருகிறது. பட்டறைப் பையன்கள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

எல்லாம் கொடுத்து ஓட்டினால் 39 குதிரைத்திறன் என்று வந்தது. இந்த எண்ணை நான் நம்பவில்லை, நீயும் நம்பாதே. உராய்வுக்கு ஓர் ஊகம், சூட்டுக்கு ஓர் ஊகம். நாலு ஊகம் சேர்ந்தால் எண் இப்படியும் போகும், அப்படியும் போகும். ஆனால் எஞ்சினைத் தொடாமல் காற்றை மட்டும் மாற்றி இரண்டாவது முறை ஓட்டினால் அதே ஊகங்கள்தானே இரண்டிலும் இருக்கின்றன? அதனால் வித்தியாசத்தை ஓரளவு நம்பலாம். எனக்கு வேண்டியதும் அதுதான்.

உன் ஊர் 2100 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. குளிர் கொஞ்சம் ஈடுகட்டுகிறது, குளிர்ந்த காற்று கனம் இல்லையா! மதுரை 38 டிகிரி காற்றையும் கொடைக்கானல் 15 டிகிரி காற்றையும் ஒப்பிட்டால் அடர்த்தி 15 சதவீதம் குறைகிறது. உராய்வு மட்டும் மலையிலும் அதே உராய்வு, அதனால் திறன் அதற்கும் கொஞ்சம் கூடவே இறங்குகிறது. ரிங்கில் ஒன்றும் இல்லாமலே உன் வண்டி ஐந்தில் ஒரு பங்கு பலத்தை அந்தக் காற்றிலேயே விட்டுவிடுகிறது. இதில் தங்கச்சி, மருமகன், மூட்டை முடிச்சு, மேலே ஏசி வேறு.

இன்னொன்று இருக்கிறது, இதை மென்பொருள் தானாகச் சொல்லாது. நான் 13க்கு 1 என்று கொடுத்தால் அது மலையிலும் 13தான் என்று எடுத்துக்கொள்ளும். காற்றில் பெட்ரோலைக் கலந்து கொடுக்கிற கார்பரேட்டர் அப்படியில்லை. காற்று லேசானாலும் ஜெட், அதாவது பெட்ரோல் வருகிற சின்னத் துளை, பெட்ரோலை அந்த அளவுக்குக் குறைக்காது, கலவை ரிச்சாகிவிடும், பெட்ரோல் கூடிப்போகும். உன் ஊர் உயரத்துக்கு எட்டு ஒன்பது சதவீதம் ரிச். அதனால்தான் புகை கருப்பு. உன் மெக்கானிக் புகையைப் பார்த்துவிட்டு ரிங் என்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். ரிங் போய் ஆயில் எரிந்தால் புகை நீலமாக வரும்.

ஆகவே ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார். நுனியில் காய்ந்த கரி, விரலால் தேய்த்தால் மசி மாதிரி ஒட்டினால் கலவைதான் குற்றவாளி. எண்ணெய்ப் பிசுக்கோடு ஈரமாக இருந்தால் மெக்கானிக் சொல்வதில் விஷயம் இருக்கிறது. சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று கம்ப்ரஷனும் பார்க்கச் சொல்: எஞ்சின் சூடாக இருக்கணும், மூன்று பிளக்கும் வெளியே இருக்கணும், ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்தபடி செல்ஃப் அடிக்கணும். மூன்று சிலிண்டரும் கம்பெனி சொன்ன அளவுக்குக் குறையாமல், பக்கத்தில் பக்கத்தில் காட்டினால் ஹெட்டைத் திறக்கவே வேண்டாம். ஏர் ஃபில்டரை மாற்றி, உங்கள் உயரத்துக்குத் தகுந்த சின்ன ஜெட் போட்டால் போதும். மதுரைக்கு அடிக்கடி இறங்குவதானால் ஜெட்டில் ரொம்பக் கை வைக்காதே, கீழே பெட்ரோல் குறைந்து, கலவை லீனாகிச் சூடேறும். மலைப்பாதையில் ஊத்து என்கிற ஊர் தாண்டியதும் கௌரவம் பார்க்காமல் செகண்டுக்கு வந்துவிடு.

மருமகன், வால்வை இன்னும் உயரத் தூக்குகிற பெரிய கேம் போடலாமா என்றும் கேட்டான். அதையும் ஓட்டிப் பார்த்தேன். 5500 சுற்றுக்கு மேல் திறன் நன்றாக ஏறுகிறது, 2500 சுற்றில் இறங்குகிறது. கொண்டை ஊசி வளைவில் உனக்கு வேண்டியது அந்த 2500தான். வேண்டாம் என்று சொல்லிவிடு. கோபித்துக்கொண்டால் வரைபடத்தை அனுப்புகிறேன்.

பிளக்கை போட்டோ எடுத்து அனுப்பு. அதுவரை போரிங்குக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
உன் மதுரைக்காரன்