விபத்து ட்ரிப் கணக்கிலேயே தொடங்குகிறது: லாரி உரிமையாளர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு லாரி உரிமையாளர் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். ஒன்றிரண்டு வண்டி வைத்திருக்கும் உரிமையாளர்களுக்கு எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று), பெர்மிட், இன்சூரன்ஸ் பேப்பர்களைப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். பேப்பர் விஷயத்தில் நம் உறுப்பினர்கள் பெரும்பாலும் கவனமாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் டிரைவர் எத்தனை மணி நேரம் ஓட்டினார், எப்போது தூங்கினார் என்பதற்கு மட்டும் எந்த நோட்டிலும் கணக்கு இருப்பதில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் (2025 நவம்பரில் அது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது) டிரைவருக்கு வைத்த வேலை நேரம் நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. தொலைதூர வண்டி என்றால் அனுமதியோடு நாளைக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணி வரை போகலாம் என்றது. ஒரே மூச்சாக 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றது. நடுவில் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்றது. "அதெல்லாம் ஐந்து பேராவது வேலைக்கு வைத்திருக்கும் கம்பெனிக்குத்தானே, என்னிடம் இருப்பது ரெண்டு டிரைவர்" என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 91ஆவது பிரிவைப் படித்தால் அந்த நம்பிக்கை நிற்காது. போக்குவரத்து வண்டி ஓட்டும் யாராக இருந்தாலும் இதே நேரக் கணக்குதான் என்கிறது அது.

நேஷனல் பெர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் கட்டாயம் என்ற விதியை 2018இல் எடுத்துவிட்டார்கள். டிரைவர் தட்டுப்பாட்டில் நமக்கு அது நிம்மதியாக இருந்தது. அப்புறம் கிளீனரும் இல்லாமல் போனார். இன்று ஒரே ஆள் ஓட்டுகிறார், கயிறு கட்டுகிறார், தார்ப்பாய் போடுகிறார், லோடு இறங்கும்வரை குடோன் வாசலில் காத்துக் கிடக்கிறார். இரண்டு பேர் என்ற விதி போனதே தவிர, மணி நேர வரம்பு போகவில்லை.

சேலத்திலிருந்து மும்பைக்கு ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். டோல், டீ, சாப்பாடு எல்லாம் சேர்த்து மணிக்குச் சராசரி 40 கிலோமீட்டர் போனால் 30 மணி நேர ஓட்டம். நாளைக்கு 10 மணி நேரம் என்றால் மூன்று நாள். புக்கிங் ஆபீஸில் "நாளை மறுநாள் காலையில் வண்டி நிற்கணும்" என்று சொல்லும்போது, அந்த டிரைவர் தூங்க வேண்டிய நேரத்தையும் சேர்த்துத்தான் லோடு ஏற்றுகிறார்கள். தாமதமானால் வாடகையில் பிடித்தம். அந்தப் பிடித்தம் உரிமையாளரிடமிருந்து டிரைவரின் படிக்கு இறங்குகிறது. விடியற்காலை மூன்று மணிக்கு அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஸ்டியரிங் பிடிப்பதற்குக் காரணம் அவருடைய அலட்சியம் என்று நாம் எழுதிவிடுகிறோம். வண்டி கிளம்பும் முன்பே அது முடிவாகிவிட்டது.

டீசல் கணக்கும் இப்படித்தான். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் வர வேண்டும், குறைந்தால் சம்பளத்தில் கழிப்போம் என்கிறோம். தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர் கணவாயில் இதற்கு என்ன அர்த்தம் என்று யோசியுங்கள். டீசல் மிச்சமாகட்டும் என்று டிரைவர் நியூட்ரலில் விடுகிறார், சிலர் இன்ஜினையே அணைக்கிறார்கள். கியரில் இருந்தால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் அத்தனை டன்னும் பிரேக்கின் மேல் வந்து விழுகிறது. மிதிக்க மிதிக்க டிரம் சூடேறி, லைனர் பிடிப்பை இழக்கிறது. இன்ஜின் அணைந்திருந்தால் பிரேக்குக்குக் காற்று அடைக்கும் கம்ப்ரஸரும் நின்றுவிடும். ஒவ்வொரு மிதிக்கும் காற்று டேங்கில் காற்று குறையும். பிரேக் இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டர் சரியாக இல்லாத வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். முன்னால் போகிற காரில் ஒரு குடும்பம் இருக்கிறது. நாம் மிச்சம் பிடித்தது இரண்டு மூன்று லிட்டர் டீசல்.

ஓவர்லோடு பற்றி நீட்ட விரும்பவில்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஒரு ட்ரிப்பின் லாபம் அதிலேயே போய்விடும் என்பது உங்களுக்கே தெரியும்.

இதெல்லாம் நடைமுறைக்கு வராது என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். நாமக்கல்லிலேயே கேஸ் டேங்கர் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேகம் 60 கிலோமீட்டர் என்று வேகக் கட்டுப்பாட்டுக் கருவியிலேயே பூட்டு. டிரைவருக்கு மூன்று நாள் பயிற்சி, லைசென்ஸைப் புதுப்பிக்கும்போது மறுபயிற்சி. அதைச் செய்யாவிட்டால் தொழில் இல்லை என்பதால் செய்கிறார்கள். பக்கத்து ஷெட்டில் நிற்கும் லோடு லாரியின் டிரைவருக்கு இதில் பாதியாவது கிடைக்க வேண்டாமா?

பெரிய கம்பெனியில் இதைப் பார்க்கத் தனியாக ஒரு மேனேஜர் இருப்பார். மாதா மாதம் டியூ கட்டவே திணறும் ஒற்றை லாரிக்காரர் ஆளுக்கு எங்கே போவார்? அவருக்குச் சங்கம்தான் அந்த மேனேஜராக இருக்க முடியும். முதலில், எல்லா உறுப்பினருக்கும் பொதுவான ஒரு ட்ரிப் ஷீட் அச்சடித்துக் கொடுங்கள். கிளம்பிய நேரம், நிறுத்திய நேரம், தூங்கிய நேரம் ஆகியவற்றுக்குக் கட்டம் இருக்கட்டும். வாடகை பேசும்போது தூரத்துக்கு ஏற்ற குறைந்தபட்ச நாள் கணக்கையும் சேர்த்துப் பேசுங்கள். அதைவிடக் குறைந்த நேரத்தில் கேட்டால் இரண்டாவது டிரைவரின் சம்பளம் வாடகையில் ஏற வேண்டும். இதைத் தனி ஆளாகக் கேட்டால் அடுத்த வண்டிக்கு லோடு போய்விடும்; சங்கமாகக் கேட்டால் போகாது. 2024 ஜனவரியில் விபத்தில் உயிர்ப்பலி ஆனபின் தகவல் சொல்லாமல் ஓடினால் 10 ஆண்டு வரை சிறை என்ற புதிய குற்றவியல் சட்டப் பிரிவை எதிர்த்து நாடு முழுக்க டிரைவர்கள் வண்டியை நிறுத்தினார்கள். அந்தப் பிரிவு நடைமுறைக்கு வராமல் நிற்கிறது. ஒன்றாக நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டியதில்லை.

டீசல் பிடித்தத்தை மலைப்பாதை உள்ள ரூட்டுகளிலாவது நிறுத்தச் சொல்லுங்கள். கிளம்பும் முன் பிரேக், டயர், பின்பக்கத் தடுப்பு, ஒளிரும் ஸ்டிக்கர் ஆகியவற்றைப் பார்த்துக் கையெழுத்துப் போட ஒரு மெக்கானிக்கைச் சங்கச் செலவில் வையுங்கள். எஃப்சி அன்று மட்டும் நல்ல டயரைக் காட்டிவிட்டுக் கழற்றுகிற வழக்கத்துக்கு நம் ஊரில் முடிவு கட்ட அந்த ஒரு ஆள் போதும். ரோட்டோரம் பழுதாகி நிற்கும் வண்டிக்குப் பின்னால் கல்லும் மரக்கிளையும் வைப்பதை இன்னும் பார்க்கிறேன். இருட்டில் பைக்கில் வருபவருக்கு அது தெரியாது. வண்டிக்கு ஒரு எச்சரிக்கை முக்கோணம் வாங்கிக் கொடுப்பது சங்கத்துக்குப் பெரிய செலவில்லை.

அடுத்த பொதுக்குழுவில் ட்ரிப் ஷீட்டையும் நாள் கணக்கையும் தீர்மானமாக வையுங்கள். டிரைவர்களில் இரண்டு மூன்று பேரையாவது மேடைக்கு அழைத்து, எந்த ரூட்டுக்கு எத்தனை நாள் தேவை என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். படிவம் தயாரிப்பது, உறுப்பினர்களின் எஃப்சி, லைசென்ஸ் தேதிகளைத் தொகுத்துக் கொடுப்பது ஆகிய வேலைகளைக் கட்டணம் இல்லாமல் செய்து தர நான் தயார்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்