ரிட்டர்ன் வேறு, ரிவர்ட் வேறு

அன்பு மகளுக்கு,

"சாயங்காலத்துக்குள் ரிவர்ட் பண்ணுகிறேன்" என்று நீ எழுதியதற்கு, அமெரிக்க டீம்காரர் "எந்த மாற்றத்தை?" என்று கேட்டதாகச் சொன்னாயே, அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. உன் மேலும் தப்பில்லை. நம் ஆபீஸ்களில் ரிவர்ட் என்றால் பதில் அனுப்புவது. அகராதிகளே அதை இந்திய வழக்கு என்று குறித்திருக்கின்றன. ஆனால் அங்கே அந்தச் சொல்லுக்குப் பழைய நிலைக்குப் போவது என்றுதான் பொருள். புரோகிராம் எழுதும் உங்கள் வேலையில் இது இன்னும் சிக்கல். கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் மென்பொருளில் ரிவர்ட் கொடுத்தால், முந்தைய கமிட் (பதிவான மாற்றம்) அப்படியே இருக்க, அது செய்ததை நீக்கும் புது கமிட் ஒன்று சேரும் என்பது உனக்கே தெரியும். பாடுபட்டு முடித்ததை நீயே ரத்து செய்யப் போகிறாய் என்று அவர் பதறியிருப்பார், பாவம்.

ரிட்டர்னும் ரிவர்ட்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் ரிட்டர்னில் பெரும்பாலும் ஆளோ பொருளோ போய்விட்டுத் திரும்பி வரும். ரிவர்ட்டில் எதுவும் நகர வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க நிர்வாகத்தில் இருந்த ஒகினாவா, 1972 மே 15 அன்று மறுபடி ஜப்பானிடம் வந்தது. ஆங்கிலத்தில் அதை ஒகினாவா ரிவர்ஷன் என்பார்கள். தீவு இருந்த இடத்திலேயேதான் இருந்தது, நிர்வாக உரிமை மட்டும் பழையபடி ஆனது. குத்தகை முடிந்ததும் நிலம் உரிமையாளருக்கே போய்ச் சேருவதற்கும் ரிவர்ட்தான். கெட்ட பழக்கத்தை விட்டவர் மறுபடி அதையே பிடித்துக்கொண்டால் 'வேதாளம் முருங்கை மரம் ஏறிவிட்டது' என்கிறோமே, அதற்கும் இதே சொல்தான்.

ஒன்றை மட்டும் கவனி. இயல்பு நிலைக்கு வருவதை ரிட்டர்ன் என்றும் சொல்லலாம். ஆனால் ஒருவர் வீட்டுக்குத் திரும்பி வருவதை ரிவர்ட் என்று சொல்லவே முடியாது. இது பிடிபட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்த மாதிரி.

சரி, இனி அந்த டீமுக்கு எழுதும்போது ரிப்ளை என்றே போடு. நம் ஆட்களுக்கு எழுதும்போது ரிவர்ட் இருக்கட்டும், அவர்களுக்குப் புரியும். அதற்காக நீ கூச்சப்பட வேண்டியதே இல்லை. அப்புறம், 'ரிவர்ட் பேக்' மட்டும் யாருக்கும் எழுதாதே. 'ரி' என்பதிலேயே 'பின்னால்' என்ற பொருள் இருக்கிறது, பேக் எதற்கு?

அன்புடன்,
அப்பா