கலாநிதி சின்னத்தம்பிக்கு வந்த மின்னஞ்சல்

வெள்ளவத்தை
09.03.2025

அன்பின் யோகன்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை. ஆய்விதழுக்கு எழுதிய அந்த 1933 வெள்ளவத்தை வேலைநிறுத்தக் கட்டுரைதான். கார்த்திகையிலேயே எழுதி முடித்துவிட்டேன் என்று உனக்குச் சொன்னேன் அல்லவா? நேற்றுத்தான் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. எழுத எட்டு மாதம், அனுப்ப நாலு மாதம். நீ லைப்ரரியில் இருந்த காலத்தில் விரிவுரையாளர்மார் வந்து "எழுதுறது சுகம், அனுப்புறதுதான் கரைச்சல்" என்று முறைப்பட்ட கதையைச் சொல்வாய். அப்போது சிரித்தேன்.

முதற்தடவை ஐந்தாம் நாளே திரும்பி வந்தது. மதிப்பீட்டாளர் கைக்குப் போகவேயில்லை. காரணம் ஒரே வரி: "கட்டுரையில் திறவுச்சொற்கள் காணப்படவில்லை." எனக்குக் கோபம் வந்துவிட்டது. 'தொழிலாளர்' என்ற சொல் இல்லாத பக்கமே அதில் இல்லை. மகள் வந்து கொம்பியூட்டரில் தேடிக் காட்டினாள். உண்மைதான், ஒரு இடத்திலும் அகப்படவில்லை. வேலைநிறுத்தக் கட்டுரையில் தொழிலாளரே இல்லை!

விஷயம் இதுதான். நான் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்துப் பழகினவன். பாமினியில் திரையில் தெரிவது மட்டும்தான் தமிழ், உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து. 'அம்மா' என்று அடித்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் பதியும். மெய்யெழுத்துப் புள்ளிக்கெல்லாம் அரைப்புள்ளி. இதழ்காரர் யுனிகோட் கேட்டபடியால் காலி வீதியில் ஒரு கொம்யூனிகேஷன் கடையில் கொடுத்து மாற்றுவித்தேன். பிரிண்ட் எடுத்துப் பார்த்தேன், கண்ணுக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. ஆனால் பாமினியில் 'ர்' வேண்டுமென்றால் நாங்கள் எல்லாரும் அரவை, அதாவது 'கா'வில் வருகிற காலைப் போட்டு அதன் மேல் ஒரு புள்ளியைக் குத்துவோம், ஞாபகமிருக்கிறதா? அச்சில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மாற்றியபோது அந்த அரவும் புள்ளியும் அப்படியே வந்துவிட்டன. பார்க்கிற மனிதனுக்கு அது 'தொழிலாளர்', தேடுகிற கொம்பியூட்டருக்கு 'தொழிலாளா்'. நல்லகாலம், அரவுக்கு மேல் புள்ளி தமிழில் எந்தச் சொல்லிலும் வராது. அதனால் பயப்படாமல் முழுக்க ஒரேயடியாக மாற்றலாம். மகள் ஒரு தட்டுத் தட்டினாள், 1100 இடத்துக்கு மேல் திருந்தியது. இனி உன்னிடம் யாராவது பழைய பைல் கொண்டுவந்தால் முதலில் இதைப் பார்க்கச் சொல்.

சுருக்கம் எழுதுவது இன்னொரு கூத்து. தமிழிலும் ஆங்கிலத்திலும் வேண்டும், ஒவ்வொன்றும் 250 சொல்லுக்குள். தமிழில் 180 சொல்லில் முடித்துவிட்டேன். ஆங்கிலத்துக்குப் போனால் 300ஐத் தாண்டுகிறது. 'தொழிலாளர்களுக்கிடையில்' நமக்கு ஒரு சொல், அவர்களுக்கு மூன்று. வெட்டி வெட்டிக் கடைசியில் முக்கியமான வசனத்தையே வெட்டியிருந்தேன், பிறகு திரும்ப ஒட்டினேன்.

இரட்டை இடைவெளி, 12 அளவு எழுத்து, வரிக்கு வரி இலக்கம் எல்லாம் சொன்னபடி செய்து கொடுத்தேன். தாளில் பென்சிலால் திருத்திய காலத்தில் வரிக்கு நடுவே எழுத இடம் விட்டார்கள், இப்போது யாரும் தாளில் திருத்துவதில்லை, ஆனாலும் இடம் மட்டும் கிடக்கிறது. அதைப் பற்றிச் சண்டை பிடிக்க எனக்குத் தெம்பில்லை.

உசாத்துணை நூற்பட்டியல்தான் ஆளைக் கொன்றது. தமிழ் நூல்கள், பத்திரிகைகள் எல்லாவற்றையும் ரோமன் எழுத்திலும் தரவேண்டுமாம், அதுவும் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி முறையில். ழவுக்குக் கீழே கோடு, ளவுக்குக் கீழே புள்ளி. அந்த முறையில் 'கொழும்பு' என்று எழுதிவிட்டு நானே வாசித்துப் பார்த்தேன். கே, ஓ, கோடு போட்ட எல், யு, எம், பி, யு. இந்த ஊரில் அறுபது வருஷமாக இருக்கிறவனுக்கே எங்கேயோ ஆபிரிக்காவில் இருக்கிற ஊர்போலத் தெரிந்தது. இன்னொன்று: 2019இல் வந்த ஏபிஏ மேற்கோள் முறையின் ஏழாம் பதிப்புப்படி நூல் வெளிவந்த ஊரைப் போடத் தேவையில்லை. எனக்கு இதில் மனவருத்தம்தான். பழைய தமிழ்ப் புத்தகம் யாழ்ப்பாணத்தில் அச்சானதா, கொழும்பிலா, சென்னையிலா என்பதிலேயே பாதி வரலாறு இருக்கிறது. லைப்ரரியன் நீ என்ன சொல்கிறாய்?

இனித்தான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வந்தது. கட்டுரையில் இரண்டு வகை ஆதாரம் வைத்திருந்தேன். ஒன்று நீ தேடித்தந்த 'வீரகேசரி'ப் பக்கங்கள். 1933 பெப்ரவரியில் வெள்ளவத்தை நெசவாலைத் தொழிலாளர் வேலையை நிறுத்தினார்கள், பெரும்பாலானோர் மலையாளிகள். இடதுசாரி கொல்வின் ஆர். டி சில்வா தொழிலாளர் பக்கம், தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்க எதிர்ப்பக்கம். இது எல்லாருக்கும் தெரிந்த கதை. மற்ற ஆதாரம் யாருக்கும் தெரியாதது: ஐயாவின் கடன் கொப்பி. மாமாவின் சுருட்டுக்கடையில் பதினைந்து வயதுக் கடைப்பொடியனாக நின்று ஐயா எழுதியது. பிள்ளைக் கையெழுத்து, ஒவ்வொரு 'ற'வும் வாலை நீட்டிக்கொண்டு அடுத்த வரிக்குப் போகும். வேலைநிறுத்தம் நடந்த நாட்களில் கடன் வரிகள் நெருங்கி நெருங்கி வருகின்றன, 'தந்தது' என்ற பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது. ஆனால் ஒரு ஆளின் பெயரும் வெட்டப்படவில்லை. கட்டுரையின் உயிரே அந்த நாலு பக்கம்தான்.

அந்தப் பக்கங்களைப் போனில் படமெடுத்து வேர்டில் ஒட்டியிருந்தேன். வேர்ட் சேமிக்கும்போது தானாகப் படத்தை அமுக்கி அங்குலத்துக்கு 220 புள்ளிக்கு இறக்கிவிடுமாம். இதழுக்கு வேண்டியது அங்குலத்துக்கு 300 புள்ளி, தனிப் பைலாக. 12 சென்றிமீற்றர் அகலத்துக்கு ஏறக்குறைய 1417 புள்ளி. கொப்பியை ஸ்கானரில் கவிழ்த்து அமுக்க மனம் வரவில்லை, தையல் விட்டுப்போகும். கடைசியில் மகளின் சிநேகிதன் ஒருவன் கமராவோடு வந்து ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்துத் தந்தான்.

இரண்டாம் தடவையும் திரும்பியது. இரு பக்கமும் பெயர் மறைத்து மதிப்பிடுகிற இதழ் அது. நான் முதற்பக்கத்தில் என் பெயரை எடுத்துவிட்டேன், உனக்கு எழுதிய நன்றியுரையையும் தனிப் பைலுக்கு மாற்றினேன். ஆனால் பைலின் விபரங்களுக்குள் போய்ப் பார்த்தால் 'ஆசிரியர்' என்ற இடத்தில் என் பெயர் குந்தியிருக்கிறது. அதை அழித்தேன். அதைவிட அடிக்குறிப்பு ஒன்றில் "என் தகப்பனார் சின்னத்தம்பி எழுதிய கொப்பி" என்று இருந்தது. அதையும் எடுக்கவேண்டும். "கடைப்பொடியன் ஒருவன் எழுதிய கடன் கொப்பி, தனியார் வசமுள்ளது" என்று மாற்றினேன். மாற்றிவிட்டு அன்றைக்கு வேறு வேலை ஒன்றும் செய்யவில்லை. கடற்கரைப் பக்கம் போய் ரயில் பாதையோரம் நின்றுவிட்டு வந்தேன்.

மூன்றாம் தடவை இணையத்தில் படிவம் நிரப்புகையில் இரண்டு கட்டம்: முதற்பெயர், கடைசிப்பெயர். இரண்டும் கட்டாயம். நமக்கேது கடைசிப்பெயர்? சி. குணரத்தினம் என்று எழுதினால் விடமாட்டேன் என்கிறது. ஒரே பெயரை இரண்டு தரம் போடலாம் என்று ஒருவர் சொன்னார், அது எனக்கு விசர்வேலையாகப் பட்டது. முதலில் குணரத்தினம், பிறகு சின்னத்தம்பி என்று போட்டேன். ஓர்கிட் என்று 16 இலக்கம் ஒன்றும் எடுக்கச் சொன்னார்கள், பெயர் மாறிப்போனாலும் ஆளை அடையாளம் காண. எடுத்தேன். பட்டம் கேட்ட கட்டத்தில் நான் ஒன்றையும் தொடவில்லை, அது தானாக ஒன்றைப் பிடித்துக்கொண்டது.

நேற்றுப் பின்னேரம் பதில் வந்தது. "அன்பின் கலாநிதி சின்னத்தம்பி, தங்கள் கட்டுரை கிடைத்தது, மதிப்பீட்டுக்கு அனுப்பப்படுகிறது."

ஐயா ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட மனிசன், யோகன். கட்டுரைக்குள்ளே பெயர் இல்லாத பொடியன், வெளியே கலாநிதி. கட்டுரை வெளிவந்தால் இனி யார் மேற்கோள் காட்டினாலும் 'சின்னத்தம்பி, கு.' என்றுதான் போடுவார்கள். ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் மாற்றிவிடுவார்கள் என்று மகள் சொல்கிறாள். இருக்கட்டும் என்றேன்.

உன்னால் இரண்டு உதவி வேண்டும். நீ அனுப்பிய பத்திரிகைப் பிரதிகளில் மூன்றாவதில் கீழ் விளிம்பு வெட்டுப்பட்டுப் பக்க இலக்கம் போய்விட்டது. உன் மூலப்பிரதியில் இருந்தால் பார்த்துச் சொல். மற்றது, நன்றியுரையில் உன் பெயரை எப்படிப் போட? 'வ. யோகநாதன்' போதுமா, வல்லிபுரத்தாரையும் முழுதாக எழுதவா? யோசித்து எழுது, அவசரமில்லை. மதிப்பீட்டுக்கு இன்னும் மாதக்கணக்கு எடுக்கும்.

முழங்கால் நோ முன்னையைவிடப் பரவாயில்லை. தமிழ்ச் சங்க நூலகத்துக்கு நடந்தே போய்வருகிறேன். சித்திரைக்குக் கண்டிப் பக்கம் வர எண்ணம், மங்கையிடமும் சொல்லிவை.

அன்புடன்,
குணம்